ப்ளக்கா, பிக்கா? அம்மாவின் வேலையை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

மஸ்கெலியாப் பொண்ணு
எல்லோருக்கும் வணக்கம். கேள்வி சின்னதுதான், ஆனால் இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது. ஓர் உதவித்தொகைக்காகக் குடும்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். முதல் வரியே "மை மதர் ப்ளக்ஸ் டீ" என்று போட்டேன். கம்பியூட்டரில் இருக்கிற இலக்கணத் திருத்தி அதற்குக் கீழே நீலக்கோடு போட்டு, "பிக்ஸ்" என்று மாற்றச் சொல்கிறது. எழுதியதைப் பார்த்துத் தருகிற வெளிநாட்டு அக்கா ஒருவரும் அதையேதான் சொன்னார். "ப்ளக் என்றால் கோழிக்கு இறகு பிடுங்குகிற மாதிரி இருக்கிறது" என்றார்.

நான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து தோட்டத்து ஆபீஸ் பலகையில் "ப்ளக்கிங்" என்றுதான் பார்த்திருக்கிறேன். அத்தனை வருஷமும் பிழையான இங்கிலீஷா? இல்லை, இரண்டும் ஒன்றுதானா?

கொட்டகலை கரன்ட்டு
தலைப்பைப் பார்த்துவிட்டு பிளக் பாயின்ட் கேள்வி என்று ஓடி வந்தேன். மூன்று கம்பியா இரண்டு கம்பியா என்று சொல்லத் தயாராக இருந்தேன். சரி, வந்ததற்கு உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறேன்.

பதுளை டீச்சர்
கரன்ட்டு தம்பி, நீங்கள் சிரிப்புக்குச் சொன்னாலும் அங்கே ஒரு பாடம் இருக்கிறது. தமிழில் எழுதினால் இரண்டும் பிளக். ஆங்கிலத்தில் கடைசி ஒலி வேறு. மின்சார பிளக்கின் கடைசியில் "தங்கம்" என்பதில் வருகிற மெல்லிய ககரம். கொழுந்து ப்ளக்கின் கடைசியில் "பக்கம்" என்பதில் வருகிற அழுத்தமான ககரம். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தேயிலையை சொக்கட்டில் சொருகிவிடுவார்கள்.

மகள், உன் வாக்கியத்தில் பிழையே இல்லை. இலங்கையிலும் இந்தியாவிலும் தேயிலைக்கு நிலைத்த சொல் ப்ளக்தான். வெளிநாட்டுச் செய்திகளில் "டீ பிக்கர்ஸ்" என்று அடிக்கடி வரும், அதுவும் பிழை இல்லை. திருத்தி எது அதிகம் கண்ணில் பட்டதோ அதைச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆனால் "இரண்டும் ஒன்றுதானா" என்று கேட்டாயே, அதற்கு இல்லை என்பதுதான் பதில். ப்ளக் என்றால் பற்றியிருக்கிற ஒன்றைச் சட்டென்று ஓர் இழுப்பில் கழற்றுவது. பிக்கில் கை வேலையோடு கண் வேலையும் இருக்கிறது: பார்த்து, இது வேண்டும் இது வேண்டாம் என்று எடுப்பது. அதனால்தான் பிக் "தெரிவு செய்" என்ற பொருளுக்கு நீண்டது. ஒரு நாளைக் குறிக்கலாம், பெயரைத் தெரிவு செய்யலாம், சண்டையைக்கூட வலிய இழுக்கலாம், எல்லாவற்றுக்கும் பிக். அந்த இடங்களில் ப்ளக் நிற்காது. கண்ணுக்குத் தெரியாத பொருளோடு அது வந்தால் கூடவே ஒரு "எங்கிருந்து" வேண்டும். அந்தரத்திலிருந்து ஒரு எண்ணைப் பிடுங்கிச் சொன்னான் என்பார்களே, அப்படி.

ஓய்வு கிளாக்கர்
முப்பத்தாறு வருஷம் தோட்டத்து ஆபீஸில் செக்ரோல், அதாவது வேலையாட்களின் பெயர்ப் பதிவு, எழுதியவன் நான். பிக் என்று ஒருநாளும் எழுதியதில்லை. ஃபைன் ப்ளக்கிங், கோர்ஸ் ப்ளக்கிங், ப்ளக்கிங் ரவுண்ட், ப்ளக்கிங் டேபிள், எல்லாம் ப்ளக்தான். மட்டக்கம்பு வைத்துச் சமமாக எடுத்த பிறகு செடிகளின் தலை பாய் விரித்த மாதிரி நிற்குமே, அதுதான் ப்ளக்கிங் டேபிள். இப்போது சில இடங்களில் கத்தரியால் வெட்டுகிறார்கள். விரலே படவில்லை, அதற்கும் "ஷியர் ப்ளக்கிங்" என்றுதான் பெயர். அதாவது தொழிலின் பெயராகிவிட்ட பிறகு அந்தச் சொல்லுக்குள் பழைய பொருளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆனால் பிக் இந்த மலைக்கு வராத சொல் இல்லை. தேயிலைக்கு முந்தி வந்தது அதுதான். கோப்பிக்குப் பிக். கோப்பிப் பழம் பழுத்து நிற்கிற பருவத்தில் ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்தார்கள், பழம் எடுத்தார்கள், பலர் திரும்பிப் போனார்கள். 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869-ல் கோப்பிக்கு இலை நோய் தெரிய வந்தது. அப்புறம் மலை முழுக்கத் தேயிலை. தேயிலைக்குப் பருவம் முடிந்தது என்று ஒன்று கிடையாது. எடுத்த இடத்தில் ஏழெட்டு நாளில் மறுபடி தளிர்க்கும், மறுபடி ஆள் வேண்டும். வந்தவர்கள் குடும்பத்தோடு தோட்டத்து லயத்து வீடுகளில் தங்கிப்போனது அதற்குப் பிறகுதான். பிக் காலத்தில் வந்து போனோம், ப்ளக் காலத்தில் இங்கேயே ஆகிவிட்டோம் என்று நான் ஆபீஸில் சொல்வதுண்டு. தொரை சிரிப்பார், விளங்கியதா என்று தெரியாது.

கொட்டகலை கரன்ட்டு
ஐயா, கோப்பிக்கு ஏன் ப்ளக் இல்லை? பழமும் கொம்பில்தானே ஒட்டியிருக்கிறது?

பதுளை டீச்சர்
நல்ல கேள்வி. ஆங்கிலத்தில் பழம், பருத்தி, பெரி, காய்கறி என்று அறுவடையாக எடுக்கும் எதற்கும் இன்றைக்குப் பொதுச் சொல் பிக். அப்பிள் பிக்கிங் என்பார்கள், அப்பிள் ப்ளக்கிங் என்று சாதாரணப் பேச்சில் வராது. ஒரே ஒரு பழத்தைக் கொம்பிலிருந்து வெடுக்கென்று பறித்தான் என்று கதையில் எழுதும்போது ப்ளக் வரும், கொஞ்சம் கவிதை வாசனையோடு. தேயிலை ஒன்றுதான் தொழில் அளவில் ப்ளக்கை விடாமல் வைத்திருக்கிறது. உன்னுடைய வெளிநாட்டு அக்காவுக்குக் கோழி ஞாபகம் வந்தது அதனால்தான், மகள். அவருடைய வாழ்க்கையில் அந்தச் சொல்லுக்கு மிஞ்சியிருப்பது கோழி, புருவம், கிட்டார் நரம்பு, இவைதான்.

பெர்லின் பண்டாரவளை
இங்கே ஜெர்மனியில் இந்தத் தொல்லை இல்லை. ப்ஃப்ளுக்கன் என்ற ஒரே சொல்லில் அப்பிள், பூ, தேயிலை எல்லாம் பறித்துவிடுவார்கள். ஆங்கில ப்ளக்கின் நெருங்கிய சொந்தம் அது. அந்தக் குடும்பத்தில் ஒருவர் பணக்காரராக இருக்கிறார், மற்றவர் தேயிலைத் தோட்டத்தில் ஒதுங்கிவிட்டார். சொல்லுக்கும் அந்த விதி.

மஸ்கெலியாப் பொண்ணு
டீச்சர், இன்னொரு சந்தேகம். பலகையில் "ஃபீல்ட் நம்பர் ஃபோர் ப்ளக்ட்" என்று எழுதியிருப்பார்கள். பறிப்பது கொழுந்தைத்தானே? ஃபீல்டை எப்படிப் பறிப்பது? அது தோட்டத்து இங்கிலீஷா?

பதுளை டீச்சர்
தோட்டத்து இங்கிலீஷும்தான், நல்ல இங்கிலீஷும்தான். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம், இலக்கணப் புத்தகங்கள் வேகமாகத் தாண்டிவிடுகிற இடம் இது.

ப்ளக்குக்கு இரண்டு வகைச் செயப்படுபொருள் வரும். கழன்று வருகிற பொருளும் வரலாம், கழற்றியபின் வெறுமையாகிற பொருளும் வரலாம். இறகை ப்ளக் பண்ணலாம். கோழியையும் ப்ளக் பண்ணலாம், அப்படிச் சொன்னால் கோழி கையோடு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, இறகு போன கோழி மிச்சம் என்று அர்த்தம். புருவமும் அப்படித்தான். அதே வழியில் கொழுந்தையும் ப்ளக் பண்ணலாம், மலையையும், அதாவது தேயிலை ஃபீல்டையும், ப்ளக் பண்ணலாம். நம் அம்மாமார் என்ன சொல்கிறார்கள்? "நாலாம் நம்பர் மலை எடுத்தாச்சு." மலையையா எடுத்தார்கள்? இல்லையே. இலக்கணம் படிக்காமலே இரண்டு மொழியும் ஒரே வேலையைச் செய்திருக்கின்றன. பிக்குக்கும் இந்தப் பழக்கம் கொஞ்சம் உண்டு. பிக் எ பொக்கட் என்றால் சட்டைப்பையைத் திருடுவது இல்லை, பையில் இருப்பதைத் திருடுவது.

பிக் மட்டும் செய்கிற ஒன்றும் இருக்கிறது. "பிக் மீ எ மேங்கோ", எனக்கொரு மாங்காய் பறித்துக் கொடு. யாருக்கு, என்ன என்று இரண்டும் முன்னிடைச்சொல் இல்லாமல் அடுத்தடுத்து வந்து உட்காருகின்றன. ப்ளக்கை அப்படி வைத்தால் பழைய செய்யுள் மாதிரிக் கேட்கும். பேச்சில் வேண்டாம்.

அப்புறம் "அப்". ப்ளக் அப் கரேஜ் என்றால் தைரியத்தை வரவழைத்துக்கொள்வது, பெரும்பாலும் அந்தத் தைரியத்தோடுதான் வரும். பிக் அப் போகாத இடம் கிடையாது: கீழே விழுந்ததை எடுப்பது, ஆளை வாகனத்தில் ஏற்றுவது, ஒரு மொழியைக் கேட்டுக் கேட்டே கற்பது. பொருளுக்குப் பதில் "இட்" வந்தால் நடுவில்தான் போக வேண்டும், பிக் இட் அப். "பிக் அப் இட்" என்று எழுதிய கொப்பிகளைத் திருத்தித் திருத்தியே என் சிவப்புப் பேனைகள் தீர்ந்தன. ப்ளக் அட் என்றால் சேலைத் தலைப்பைப் பிள்ளை பிடித்துப் பிடித்து இழுக்குமே, அது. பிக் அட் என்றால் பசியில்லாமல் சோற்றைக் கிளறிக்கொண்டிருப்பது. பிக் ஆன் ஒருவரையே பார்த்துச் சீண்டுவது, அதற்கு எதிரே ப்ளக்கில் ஒன்றுமில்லை.

இறந்தகாலத்தை பிக்கெட், ப்ளக்கெட் என்று வாசிக்காதீர்கள். பிக்ட், ப்ளக்ட், ஒரே அசை. பிக்கெட் வேறு சொல்.

ஓய்வு கிளாக்கர்
பிக்கெட் நமக்குத் தெரியாத சொல்லா டீச்சர்? ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக எத்தனை வருஷம் பிக்கெட்டிங் நடந்தது. 2021-ல்தான் வந்தது. ப்ளக் பண்ணுகிறவர்கள் பிக்கெட் பண்ணியே வாங்க வேண்டியிருந்தது.

கண்டி மொழிபெயர்ப்பு
தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறவன், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவது என் பிழைப்பு. ஒருமுறை சுற்றுலாப் பயணிகளுக்கான அறிவிப்பு ஒன்றில் "தேயிலை பொறுக்கும் பெண்கள்" என்று பார்த்தேன். யாரோ பிக்கை அகராதியில் தேடி முதலில் கிடைத்ததைப் போட்டுவிட்டார்கள். பொறுக்குவது கீழே விழுந்ததை, அல்லது கலந்து கிடப்பதை. அரிசியில் கல் பொறுக்கலாம், விறகு பொறுக்கலாம். செடியில் நிற்கிற கொழுந்தைப் பொறுக்க முடியுமா? அந்தச் சொல்லிலிருந்து பிறந்த வசவு வேறு இருக்கிறது.

நமக்கு இந்தப் பக்கம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. பூவைக் கொய்யலாம், பறிக்கலாம். வெற்றிலையைக் கிள்ளலாம். கீரையை ஆயலாம். முருங்கை இலையை உருவலாம். களையைப் பிடுங்கலாம். இதில் "ஆய்" ஒன்றுதான் பிக்குக்கு உண்மையான சொந்தம் என்று நினைக்கிறேன். கீரை ஆய்வதில் நல்லது கெட்டது பார்க்கிற கண் இருக்கிறது, அதே சொல்தான் ஆராய்ச்சி வரைக்கும் போகிறது. பறி கொஞ்சம் முரடு. வழிப்பறியிலும் பறிமுதலிலும் அதன் மறுமுகம் தெரியும். சிங்களத்தில் தளு கடனவா என்கிறார்கள், கடனவா என்றால் உடைப்பது.

பெயர்ச்சொல்லாக ப்ளக் என்ன ஆகிறது என்று டீச்சர் சொல்லவில்லை, நான் சொல்லட்டுமா? எனக்குப் பிடித்த இடம் அது.

பதுளை டீச்சர்
சொல்லுங்கள் சேர், வேண்டுமென்றேதான் விட்டேன்.

கண்டி மொழிபெயர்ப்பு
பிக் பெயராகும்போது இரும்புக் கருவி, அல்லது தெரிவு. டேக் யுவர் பிக் என்றால் வேண்டியதை எடுத்துக்கொள். ப்ளக் பெயராகும்போது துணிச்சல். இந்தப் பொருளில் எண்ண முடியாத பெயர், எ ப்ளக் என்று ஒன்றாகச் சொல்ல முடியாது. ப்ளக்கி என்றால் துணிச்சல்காரி. பிக்கி என்றால் எதைக் கொடுத்தாலும் குறை சொல்கிறவள்.

பறித்தல் எப்படித் துணிச்சல் ஆனது? நடுவில் ஒரு கசாப்புக்கடை இருக்கிறது. ஆட்டை அறுத்ததும் உள்ளேயிருந்து ஒரே கொத்தாக இழுத்து எடுக்கிற இதயம், ஈரல், நுரையீரலுக்கு ப்ளக் என்று பெயர். டெய்லர் பிறந்த ஸ்கொட்லாந்தில் ஹகிஸ் என்ற பண்டத்தை அதில்தான் செய்கிறார்கள். அந்தக் கொத்தில்தான் வீரம் இருக்கிறது என்று பேச்சு வழக்கில் சொல்லிச் சொல்லி, சொல்லே வீரமாகிவிட்டது.

இப்போது நம் சொல்லைப் பாருங்கள். ஈரக்குலை. அதே கொத்து, அதே கசாப்புக்கடை. ஆனால் நம் ஈரக்குலை நடுங்கும்! ஆங்கிலேயன் அங்கே துணிச்சலை வைத்தான், நாம் பயத்தை வைத்தோம். எனக்கு இரண்டும் ஒன்றாகவே படுகிறது, நடுங்குகிற இடத்தில்தானே துணிச்சலும் தேவைப்படும்.

கொட்டகலை கரன்ட்டு
கொழுந்தில் தொடங்கி ஈரலுக்கு வந்துவிட்டோம். பசிக்கிறது.

பெர்லின் பண்டாரவளை
டீச்சர் "சட்டென்று இழுப்பது ப்ளக்" என்றார். என் ஆச்சி கொழுந்து எடுப்பதைச் சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இழுத்ததாக ஞாபகம் இல்லை. தங்கச்சி, அம்மா பக்கத்தில் இருந்தால் கேட்டுச் சொல்ல முடியுமா?

மஸ்கெலியாப் பொண்ணு
கேட்டேன் அண்ணா. அம்மா இப்போதுதான் மடுவத்தில் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்தார், இன்றைக்கு முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழுந்ததால் நல்ல மனநிலை. கறிவேப்பிலைக் கொத்தை எடுத்துச் செய்தே காட்டினார்.

"இழுத்தால் கங்காணி ஏசுவார். இழுத்தால் நார் கிழியும், செடி கெட்டுப்போகும். நகத்தால் கிள்ளவும் கூடாது, கறுத்துப்போகும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக மடக்கினால் இளசு தானாக ஒடியும். ஒடியாவிட்டால் அது முற்றல், விட்டுவிட வேண்டும்." இதுதான் அம்மா சொன்னது. கை இதைச் செய்துகொண்டிருக்கும்போதே கண் அடுத்த செடியில் எதை எடுப்பது என்று பார்த்துக்கொண்டிருக்குமாம். "பார்த்து எடுக்கிறதுதான் வேலை, ஒடிக்கிறது பழக்கம்" என்றார்.

அப்படியென்றால் அம்மா செய்வது பிக்தானே டீச்சர்? திருத்தி சொன்னதுதான் சரியோ?

பதுளை டீச்சர்
இருபத்திரண்டு வருஷம் ப்ளக் என்பதற்கு வகுப்பில் இழுத்துக் காட்டியிருக்கிறேன். கொழுந்து மலைக்குக் கீழே இருக்கிற பாடசாலையில். உன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்.

அகராதிப் பொருளை அப்படியே தேயிலையில் ஒட்டியது என் பிழை. கிளாக்கர் ஐயா ஆரம்பத்திலேயே சொன்னார், அது தொழிலின் பெயர். பெயரை ப்ளக் என்றே வை. ஆனால் அம்மா சொன்ன அந்தக் கண் வேலையை அடுத்த வாக்கியத்தில் எழுது. அங்கே பிக் வரட்டும், தனியாக இல்லாமல் "அவுட்" சேர்த்து. பிக் அவுட் என்றால் பலவற்றுக்கு நடுவில் இதுதான் என்று கண்டு எடுப்பது.

இன்னொன்று. எத்தனை வருஷமாக என்று எழுதப்போகிறாய்? "ப்ளக்ஸ் டீ ஃபார்" என்று போட்டால் அங்கே உண்மையாகவே பிழை. ஹேஸ் பீன் ப்ளக்கிங் என்று வர வேண்டும். தொடங்கியது, இன்னும் முடியவில்லை.

ஓய்வு கிளாக்கர்
முடியாது டீச்சர், ஓய்வு வயது வரைக்கும் எங்கே முடிகிறது.

பிள்ளை, "ப்ளக்கர்" என்று பெயராக எழுதாதே. செக்ரோலில் நானே ஆயிரக்கணக்கில் எழுதியவன், அதனால் சொல்கிறேன். அங்கே ஆளே இல்லை, தலையெண்ணிக்கைதான் இருக்கிறது. வினைச்சொல்லாக எழுது, உன் அம்மா அதில் இருப்பார்.

கண்டி மொழிபெயர்ப்பு
எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை ஐயா. டீச்சர், கிளாக்கர் என்பதெல்லாம் பெயராக இருக்கலாம், ப்ளக்கர் மட்டும் கூடாதா? அதுவும் ஒரு கைத்தொழில்காரியின் பெயர்தான். எழுதுகிறவள் முடிவு செய்யட்டும்.

மஸ்கெலியாப் பொண்ணு
இரண்டு பேருக்கும் நன்றி. முதல் வரியில் வினைச்சொல், கடைசிப் பத்தியில் ஒரேயொரு இடத்தில் ப்ளக்கர் வைத்திருக்கிறேன். இப்படி வந்திருக்கிறது:

"மை மதர் ஹேஸ் பீன் ப்ளக்கிங் டீ ஃபார் ட்வென்டி சிக்ஸ் இயர்ஸ். ஷி பிக்ஸ் அவுட் டூ லீவ்ஸ் அண்ட் எ பட் வித் ஹெர் ஐஸ் பிஃபோர் ஹெர் ஃபிங்கர்ஸ் கெட் தேர்."

அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். "கண்ணு முதல்ல போகுது, சரியாத்தான் எழுதியிருக்க" என்றார். அப்புறம், இருபத்தாறு இல்லையாம், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்த இரண்டு வருஷத்தைக் கழிக்க வேண்டுமாம். ட்வென்டி ஃபோர் ஆக்கிவிட்டேன்.

ப்ளக்கிங்குக்குக் கீழே நீலக்கோடு இன்னும் இருக்கிறது. "புறக்கணி" என்பதை அழுத்தினால் மற்ற இடங்களிலும் போய்விடுமா, ஒவ்வொன்றாக அழுத்த வேண்டுமா?

கொட்டகலை கரன்ட்டு
பெரும்பாலும் ஒவ்வொன்றாகத்தான் தங்கச்சி. அப்பாடா, எனக்குத் தெரிந்த ஒரு கேள்வி வந்தது.